மெயின்ஸுக்கு லீவ் போட்டால் வகுப்பில் யார் நிற்பது?

கேள்வி, 6.9.2025

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 29 வயது. ஜூலையில்தான் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். கல்வராயன் மலையில் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளி, 31 பிள்ளைகள். நான் வருவதற்கு முன் இரண்டு வருடம் தலைமையாசிரியர் ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்த்திருக்கிறார். ஏப்ரலில், வேலை கிடைப்பதற்கு முன்பே, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஜூன் 15 முதல்நிலை எழுதினேன், இப்போது தேறிவிட்டேன். மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) டிசம்பர் முதல் வாரம். சம்பளமில்லாமல் மூன்று மாதம் லீவ் போட்டுப் படிக்கலாம் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இது சுயநலமா? இந்த நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 6.9.2025, இரவு

தம்பி, லீவ் போடு. யோசிக்காதே.

நான் ஜவ்வாது மலையில் 13 வருடமாக இருக்கிறேன், அதே மாதிரி ஈராசிரியர் பள்ளி, இப்போது 40 வயது. 2019-ல் மார்ச் 3 குரூப் 1 முதல்நிலை எழுதித் தேறினேன். மெயின்ஸ் ஜூலை 12, 13, 14. கோடை விடுமுறை முழுக்கப் படித்தேன், அது போதாமல் பள்ளி திறந்த ஜூன் 3-லிருந்து 42 நாள் விடுப்பு. கையில் இருந்த ஈட்டிய விடுப்பு தீர்ந்து மீதிக்குச் சம்பளமில்லா விடுப்பு. எழுதினேன். நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. ஆனாலும் எழுதியதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. எழுதாமல் இருந்திருந்தால் இன்று உன் கேள்வியைப் படிக்கவே எனக்கு மனம் வந்திருக்காது.

பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று கேட்பாய். ஒன்றும் ஆகாது. அந்தச் சமயத்தில் ஒரு பெண் பள்ளியை விட்டுப் போனாள், மல்லிகா என்று வைத்துக்கொள், மூன்றாம் வகுப்பு. ஆனால் அவள் பள்ளி திறந்த பிறகு ஒரு நாள்கூட வரவில்லை, மே மாதமே அப்பா அம்மாவோடு கர்நாடகா காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அதற்கும் என் லீவுக்கும் சம்பந்தமில்லை.

7.9.2025

நேற்று அவசரத்தில் எழுதினேன், சிலது விட்டுப்போயிற்று. முதலில் தேர்வு. நான் எழுதியபோது தாளுக்கு 300 மதிப்பெண், மூன்று தாள், நேர்முகம் 120. இப்போது அப்படி இல்லை. பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித்தாள் ஒன்று தனியாக உண்டு, மற்ற மூன்றும் தலா 250, நேர்முகம் 100. தமிழ்த் தாளில் தகுதி பெறாவிட்டால் மற்ற மூன்றையும் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அலட்சியமாக விட்டுவிடாதே.

அப்புறம், உனக்கு எதற்காகக் குரூப் 1 என்று யாராவது கேட்பார்கள், கேட்டே தீருவார்கள். என்னிடம் பதில் தயாராக இருந்தது, அது உண்மையும்கூட. எங்கள் மலையில் பிள்ளைகள் எல்லாம் மலையாளி என்ற பழங்குடி, கேரளத்து மலையாளிகள் இல்லை. எஸ்.சி. சான்று என்றால் தாசில்தார் கையெழுத்துப் போதும், எஸ்.டி. சான்றுக்குக் கோட்டாட்சியர் போடவேண்டும், 1989-லிருந்து அப்படித்தான். போலிச் சான்று வாங்கி மற்றவர்கள் புகுந்துவிடக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. ஆனால் அப்பாவுக்குச் சான்று இல்லை என்றால் பிள்ளைக்கு விசாரணை, விசாரணைக்கு மலையிலிருந்து இறங்க ஒரு நாள் கூலி போகும், போன அன்று அதிகாரி ஆய்வுக் கூட்டத்துக்குப் போயிருப்பார், மறுபடி இன்னொரு நாள். மூன்றாவது தடவை அப்பாக்காரர் போக மாட்டார். நானே நாலு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வராந்தாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். எதிரே கதவு, கதவுக்கு மேலே பெயர்ப்பலகை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் இந்த விண்ணப்பக் கட்டு முழுக்கக் கையெழுத்தாகும் என்று நினைத்தேன். குரூப் 1-ல் துணை ஆட்சியர் பதவி கிடைத்தால் அந்த நாற்காலிக்குத்தான் அனுப்புவார்கள்.

அது பாதி. மீதி பாதியை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெயர்ப்பலகையும் எனக்கு வேண்டியிருந்தது. ஜீப் வேண்டியிருந்தது. வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போனால் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, "மலை டீச்சர் வந்தாச்சா" என்று பெயரில்லாமல் கூப்பிடுவார்கள், அந்த இடத்தில் ஒருநாள் எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும் என்று இருந்தது. அதில் ஒரு தப்பும் எனக்கு இன்றும் தெரியவில்லை. தம்பி, உனக்கும் இந்த இரண்டாவது பாதி இருந்தால் அதைப் பார்த்து வெட்கப்படாதே.

9.9.2025

"ஆசிரியப் பணி அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி" என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். அந்த வாசகத்தைச் சுவரில் எழுதியிருக்கப் பார்த்து வளர்ந்தவள்தான் நானும். அதை நம்புகிறேன். ஆனால் மலையில் ஓர் இடம் காலியானால் வருடக்கணக்கில் நிரப்பாமல் விடமுடிவது, அங்கே மிச்சமிருக்கும் ஒருவர் தன்னை அர்ப்பணித்துக்கொள்வார் என்ற தைரியத்தில்தானே? கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளிக்கு 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது, 60 பிள்ளை வரைக்கும் இரண்டு பேர் கட்டாயம். நான்கு வரி படித்தால் தெரிந்துவிடும். தம்பியின் பள்ளியில் இரண்டு வருடம் ஒருவர் மட்டும் இருந்தார், அப்போது யாரும் அவரைக் கூப்பிட்டு அறம் பேசவில்லை. இப்போது வந்து இரண்டு மாதம் ஆனவன் மூன்று மாதம் போகிறேன் என்றதும் எல்லா அறமும் அவன் தலையில்.

இந்த வாரம் எனக்கும் மனது சரியில்லை, அதனால் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேறவேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. நான் 2009 டிசம்பரில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வந்தவள், அப்போது தமிழ்நாட்டில் டெட்டே கிடையாது, முதல் டெட் 2012 ஜூலையில்தான் நடந்தது. 16 வருடம் பாடம் நடத்தியபின் எனக்குப் பாடம் நடத்தத் தகுதி உண்டா என்று எழுதிக் காட்டவேண்டும். நவம்பர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். வீட்டில் பரணில் இருந்த பெட்டியை இறக்கினேன், குரூப் 1 நோட்டுகளுக்கு அடியில் டி.டி.எட். (ஆசிரியர் பட்டயப் படிப்பு) புத்தகங்கள் கிடந்தன.

14.9.2025

ஒரு திருத்தம், முக்கியமானது. தம்பி, நீ தகுதிகாண் பருவத்தில் இருக்கிறாய் என்பது எனக்கு முதல் நாள் உறைக்கவே இல்லை. எனக்கு 2019-ல் பத்து வருட சர்வீஸ், உனக்கு இரண்டு மாதம். வருடத்துக்கு 17 நாள் ஈட்டிய விடுப்பு என்பதெல்லாம் உன் கணக்கில் இன்னும் ஏறியிருக்காது. சம்பளமில்லா விடுப்பு எத்தனை நாளோ அத்தனை நாள் உன் தகுதிகாண் பருவம் தள்ளிப்போகும், ஊதிய உயர்வும் கூடவே தள்ளும். மருத்துவ விடுப்பு போடு என்று கீழே ஒருவர் சொல்லியிருக்கிறார், அதைக் கேட்காதே. பொய்ச் சான்றில் தொடங்கினால் பிறகு நீ எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது கூடவே வரும். நீ விண்ணப்பித்தபோது வேலையில் இல்லை, சரி, ஆனால் இப்போது இருக்கிறாய். துறைக்கு எழுத்தில் தெரிவி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு முன் தடையின்மைச் சான்றுக்கும் எழுதிவை.

"யோசிக்காதே" என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யோசி.

28.9.2025

காலாண்டு விடுமுறை. கீழே இறங்கி ஊருக்கு வந்திருக்கிறேன். போளூர் வரைக்கும் பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன், சாமை மூட்டை ஒன்று காலில் இடித்துக்கொண்டே வந்தது.

ஒருவர் கேட்டிருந்தார், ஆசிரியர் வேலையை விட்டுப் பெரிய ஆளானவர்கள் இல்லையா என்று. ஏன் இல்லை. பாரதி மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தது 1904 ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரைதான், அப்புறம் பத்திரிகைக்குச் சென்னை போய்விட்டார். அங்கேயே இருந்திருக்கலாமே என்று யாராவது சொல்வோமா? அவரையே ஆசானாக ஏற்றுத் தன் பெயரையே மாற்றிக்கொண்ட பாரதிதாசன் 1909-ல் ஆசிரியராகி 1946-ல் ஓய்வு பெற்றார், 37 வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டேதான் எழுதினார். இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். ஆனால் இந்த உதாரணங்களை எடுத்துவைத்துக்கொண்டு யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. சேதுபதி பள்ளியில் பாரதி போன மறுநாள் அந்த வகுப்புக்கு இன்னொருவர் போயிருப்பார். ஊருக்குள் இருக்கும் பெரிய பள்ளி அது. மலையில் ஒருவர் போனால் மறுநாள் அந்த வகுப்பில் கதவு திறந்திருக்கும், அவ்வளவுதான்.

என் மாமியார் ஒன்று சொல்வார், "வாத்தியார் வேலை பொம்பளைக்கு ராசியான வேலை, அதைவிட்டு எங்க ஓடறே" என்று. திட்டுவதற்காகச் சொன்னதில்லை, பாசமாகத்தான். நான்கு மணிக்கு வீடு, மே மாதம் லீவ், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். என் நாத்தனார் கணவரும் ஆசிரியர்தான், அவர் குரூப் 2 எழுதி வெளியே போனபோது வீட்டில் பாயசம் வைத்தோம். நான் முதல்நிலை தேறியதைச் சொன்ன அன்று, "அப்ப சமையல்?" என்று ஒரு கேள்வி வந்தது. இதைப் படிக்கும் பெண்களுக்காக இந்த வரி.

5.10.2025

இதை எழுதலாமா என்று நேற்றிலிருந்து யோசித்தேன். எழுதியே ஆகவேண்டும்.

மல்லிகா இப்போது ஒன்பதாம் வகுப்பு, மலையிலேயே உண்டு உறைவிடப் பள்ளியில். அவளுக்குச் சாதிச் சான்று இன்னும் இல்லை. அடுத்த வருடம் பத்தாவது, அதற்குள் வாங்கிவிடலாம் என்று விண்ணப்பம் தயார் செய்கிறோம். தொடக்கப்பள்ளியில் படித்ததற்கு எங்கள் பள்ளிச் சான்று வேண்டும். அதற்காக நேற்று மலையேறிப் போய்ப் பீரோவைத் திறந்து பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்தேன். 2019-20 பதிவேட்டின் ஓரம் கரையான் அரித்திருந்தது, உள்ளே நன்றாக இருக்கிறது.

ஜூன் 3, வந்திருக்கிறாள். 4, வந்திருக்கிறாள். 5 ரம்ஜான் விடுமுறை. 6, 7, அடுத்த வாரம் முழுக்க, அதற்கடுத்த வாரமும். ஜூன் 21 வரை ஒரு நாள்கூட விடாமல் 14 நாள். 24-லிருந்து சிவப்பு மை.

ஆறு வருடமாக அவள் மே மாதமே போய்விட்டாள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். முதல் நாள் உனக்கு அப்படித்தான் எழுதினேன், தம்பி. யார் சொன்னது என்று யோசித்துப் பார்க்கிறேன். யாரும் சொல்லவில்லை. ஜூலை 15 நான் பள்ளிக்குத் திரும்பிய நாள், காமராசர் பிறந்தநாள், பிள்ளைகள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள், அவள் இல்லை. ஒரு பையன் "அவங்க எஸ்டேட்டுக்குப் போயிட்டாங்க டீச்சர்" என்றான். எப்போது என்று நான் கேட்கவில்லை. மே மாதம்தான் எல்லோரும் போவார்கள், அதனால் நானே மே என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்து இரவு முழுக்கத் தூக்கமில்லை. அவர்கள் 2020 மார்ச்சில் திரும்பி வந்தார்கள், வந்த வேகத்தில் ஊரடங்கு. தொடக்கப்பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அன்று அவள் ஐந்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள், கையில் மூன்றாம் வகுப்பு முதல் பருவப் புத்தகம், உரச்சாக்கின் உள்பை பிளாஸ்டிக்கில் அட்டை போட்டது. எஸ்டேட்டுக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள். புளி உடைத்த கையோடு தொட்டிருப்பாள் போல, பக்கங்களில் பழுப்பாக விரல் விரலாகக் கறை, சில இடத்தில் நார்கூட ஒட்டியிருந்தது. கறை எங்கே நிற்கிறதோ அதுவரைக்கும்தான் படித்திருக்கிறாள் என்று அதை வைத்தே கண்டுபிடித்தேன். அதற்கடுத்த பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. கறை நின்ற பக்கத்தில் தலைமையாசிரியர் சிவப்புப் பேனாவில் சரி போட்டுக் கையெழுத்திட்டிருந்தார், கீழே தேதி, 20.6.19. அன்றைக்கே அந்தத் தேதியைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை அவளுக்குப் படித்துக்காட்டச் சொன்னேன், அவள் 'கொக்கு' என்பதில் கொம்பையும் காலையும் தனித்தனியாக எழுத்துக் கூட்ட முயன்று நிறுத்தினாள். தேதி என் கண்ணுக்கு நேராக இருந்தது. நான் கணக்குப் போடவில்லை.

6.10.2025

பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. நேற்று இரவு போன் செய்தேன். ஜூன் 21 வெள்ளிக்கிழமை, அவருக்குக் கீழே கூட்டம், போகாமல் இருக்க முடியாது. பள்ளியில் சத்துணவு ஆயா மட்டும். மல்லிகாவின் அம்மா அன்று அந்தப் பக்கம் வந்து, பிள்ளைகள் எல்லாம் மரத்தடியில் தாங்களாக விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். அவர்கள் ஏற்கெனவே எஸ்டேட்டுக்குப் போவதாகத்தான் இருந்தது, பெண்ணைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று திட்டம். "இங்க இருந்தும் யாரும் பாக்கல, எங்ககூடவே இருக்கட்டும்" என்று ஆயாவிடம் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"நீ இருந்திருந்தாலும் போயிருப்பாம்மா" என்றார் சார். எனக்கு ஆறுதல் சொல்கிறார். போயிருக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை நான் வகுப்பில் நின்றிருந்தால் அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கவும் கூடும். எது நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏன் என்னிடம் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ பரீட்சை எழுதிட்டு வந்திருந்தே, முகமே செத்துப்போயிருந்துச்சு, அதுமேல இதையும் எதுக்குச் சொல்லணும்" என்றார். தம்பி, உன் தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்தார் என்று எழுதினாயே. அவரைப் போய்ப் பார். ஒன்றும் சொல்லாத ஆட்கள் பிறகும் சொல்ல மாட்டார்கள், உன்மேல் உள்ள பிரியத்தாலேயே சொல்ல மாட்டார்கள்.

6.10.2025, மறுபடியும்

ஆக நான் லீவ் போடக் கூடாது என்கிறீர்களா என்று உடனே கேட்டுவிட்டாய். இல்லை. நான் எழுதியதை நன்றாகப் படி, நான் சொல்வது வேறு.

நான் 2019-ல் தேர்வு எழுதப் போனது தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். என் தப்பு வேறு. மே மாதம் முழுக்க எனக்கு நேரம் இருந்தது. வட்டாரக் கல்வி அலுவலருக்கு, "நான் 42 நாள் இருக்கமாட்டேன், மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்புங்கள்" என்று ஒரு பக்கக் கடிதம் எழுதவில்லை. ஏன்? எழுதினால் ஆள் இல்லை, உன் லீவும் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். கேட்காமல் சத்தமில்லாமல் போனால் லீவ் கிடைத்துவிடும். அதனால் லீவ் கடிதத்தில் "சொந்த அலுவல்" என்று மட்டும் எழுதினேன். பெற்றோரிடமும் சொல்லவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருந்தது, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கத்தான் அவர்களைக் கூப்பிடுவோம். அவர்களிடம், நான் ஜூலை 15 வந்துவிடுவேன், அதுவரை இன்னார் பார்த்துக்கொள்வார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மல்லிகாவின் அம்மாவுக்கு நான் திரும்பி வருவேன் என்பதே தெரியாது. டீச்சரும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் நினைத்திருப்பார், மலையில் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்.

கோவிட் காலத்தில் இல்லம் தேடிக் கல்வி வந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் ஊரிலேயே பன்னிரண்டாவது முடித்த பெண் ஒருத்தி இருந்தாள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலையில் 18 பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தாள், நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள். 2019-ல் அவள் அதே ஊரில் ஆடு மேய்த்துக்கொண்டு இருந்தாள். கேட்டிருந்தால் வந்திருப்பாள்.

உன் கடிதத்தில் என்ன இருக்கவேண்டும் என்றால்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எதற்காக, வகுப்புவாரியாக எத்தனை பிள்ளை, எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கிறோமே, அதில் அரும்பு எத்தனை பேர், மொட்டு எத்தனை, மலர் எத்தனை, நீ இல்லாத நாளில் தலைமையாசிரியருக்குக் கூட்டமோ பயிற்சியோ வந்தால் பள்ளியில் யார் இருப்பார் என்ற கேள்வி. கேள்வியாகவே எழுது. பதில் எழுத்தில் வரும்வரை விடாதே. நகல் மேலாண்மைக் குழுத் தலைவருக்கும். தலைமையாசிரியர் கையெழுத்தோடு போகட்டும், உனக்காக அவர் போடுவார்.

19.10.2025

தம்பியின் பதிலைப் பார்த்தேன், நாளை தீபாவளி, இது நல்ல செய்திதான். முதலில் ஆள் இல்லை என்றார்களாம், பிறகு பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ஒருவரை அனுப்ப ஒப்புக்கொண்டார்களாம். மற்ற இரண்டு நாளுக்கு ஊரில் படித்த ஒரு பெண்ணை மேலாண்மைக் குழு பேசி வைத்திருக்கிறது, அவளுக்குக் கொடுப்பதைத் தம்பி தன் கையிலிருந்து தருகிறான். மூன்று மாதத்தை 40 நாளாகக் குறைத்துக்கொண்டான். அரசாங்கம் கொடுக்கவேண்டியதைத் தம்பி தன் சட்டைப்பையிலிருந்து கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் வகுப்பில் ஒருவர் நிற்கிறார்.

40 நாள்தான் என்பதால் எழுதிப் பழகு. நான் 2019-ல் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதவில்லை, மூன்றாம் தாளில் கடைசிக் கேள்விகள் வெறும் தலைப்போடு நின்றன.

16.11.2025

நேற்று டெட் முதல் தாள் எழுதினேன். 150 கேள்வி. குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்றிலும் 30. என் வரிசையில் முன்னால் ஒரு டீச்சர், 50 வயது இருக்கும், ஹால் டிக்கெட்டைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவருக்குப் பின்னால் அவர் மகள் வயதுள்ள பெண்கள். குழந்தை மேம்பாட்டில் ஒரு கேள்வியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே இருந்தேன், கேட்டிருந்தது நான் தினமும் செய்கிற ஒன்று, புத்தகத்தில் அதற்கு வேறு பெயர்.

தேர்வு எப்படிப் போனது என்பது முடிவு வந்தால் தெரியும். சொல்ல வந்தது வேறு. இரண்டு மாதம் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்தேன், பயத்தில்தான் தொடங்கினேன், அக்டோபர் கடைசியில் ஒருநாள் பார்த்தால் டெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத என் பழைய குரூப் 1 நோட்டை விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். நிலச் சீர்திருத்தம். ஓரத்தில் 2019-ல் நான் எழுதிய குறிப்புகள். எனக்கு 39 தாண்டிவிட்டது, இனி அந்தத் தேர்வு இல்லை. அது முடிந்துபோன ஆசை என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன், இங்கேயும் அந்தத் தொனியில்தான் எழுதினேன். முடியவில்லை. இருக்கிறது. பள்ளியில் பிள்ளைகள் மூன்று பேர் 'ஜட்ஜ் ஆவேன்' என்கிறார்கள், எங்கள் மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி சிவில் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி வந்ததிலிருந்து. குழந்தை பிறந்து இரண்டாம் நாள் சென்னைக்குப் போய் எழுதியவர். அந்தப் பேப்பரை வகுப்புச் சுவரில் ஒட்டியது நான்தான். ஒட்டும்போது சந்தோஷத்தோடு வேறொன்றும் நெஞ்சில் இருந்தது, அது என்ன என்று அப்போது பெயர் வைக்கவில்லை.

6.12.2025

தம்பி எழுதி முடித்துவிட்டான், தமிழ்த் தாள் நன்றாக வந்ததாம். திங்கள்கிழமை பள்ளிக்குத் திரும்புகிறான். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்துவிட்டானாம், அதுவும் அந்த ஊர்ப் பெண் நடத்திய இரண்டு நாள் வகுப்பில். அதைச் சொல்லும்போது அவன் குரலில் சின்னதாக ஒரு பொறாமை தெரிந்தது. நல்ல பொறாமைதான்.

என்னிடம் மல்லிகாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணைக்குச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அம்மாவும் வருகிறார், படிப்புச் சான்றோடு நானும் போகிறேன். அந்த 14 நாளைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன், போன வாரம், விடுதி வாசலில் வைத்து. நான் லீவில் இருந்தேன், அதனால் அன்று பள்ளியில் யாரும் இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நீங்க பாஸா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "ஐயோ" என்றாள், நிஜமான வருத்தத்தோடு.

செவ்வாய்க்கிழமைக்குத் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் முழுசாக எழுதினேன். தலைமையாசிரியருக்கு அன்று கூட்டம் எதுவும் இல்லை, கேட்டுவிட்டேன். ஒன்றாம் வகுப்புக்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் வருகிறாள், இப்போது அவளுக்கு ஒரு கைக்குழந்தை, அதையும் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.